பயறு சாலட்: ஆறு விசில் விட்டும் பயறு வேகவில்லை, உதவுங்கள்

புதுவயல்_மகள் | பிற்பகல் 3:20
அவசரம். சாயங்காலத்துக்குப் பயறு சாலட் செய்கிறேன். நேற்று ராத்திரியே ஊறப்போட்டதுதான், ஆனாலும் ஆறு விசில் விட்டும் கல் மாதிரி இருக்கிறது. காய் எல்லாம் நறுக்கி வைத்தாகிவிட்டது. அப்பச்சிக்குச் சர்க்கரை, ராத்திரி சோறு வேண்டாம், இதுவே போதும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் எத்தனை விசில் விடணும்?

பள்ளத்தூரான் | 3:26
என்ன பயறு? தட்டைப்பயறா, பச்சைப்பயறா? ஆறு விசிலுக்குப் பச்சைப்பயறு கூழாகியிருக்குமே.

செக்காலை_வாசி | 3:29
எந்தத் தண்ணீர்? போர் தண்ணீரா, கேன் தண்ணீரா? அதை முதலில் சொல்லுங்கள்.

அடுப்படி_மூத்தவர் | 3:34
என்ன பயறு, எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊறியது, எவ்வளவு தண்ணீர், எந்தத் தீ. ஒன்றுமே எழுதாமல் எத்தனை விசில் என்று கேட்டால் யார் என்ன சொல்வது? பல வருடமாக இங்கே பதில் எழுதுகிறேன், எல்லோருக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. விசில் ஒரு கணக்கே இல்லை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தைப் பாருங்கள். உப்புப் போட்டு வேகவைத்திருந்தால் அதனால்தான் வேகவில்லை.

புதுவயல்_மகள் | 3:41
ராஜ்மாவும் வெள்ளைக் கொண்டைக்கடலையும் கலந்து. கடையில் வாங்கியதுதான்.

தேவகோட்டை_ஆச்சி | 3:45
ஏத்தா, பயப்படாதே. எப்போது வாங்கியது? பழைய சரக்கு எத்தனை மணி நேரம் ஊறினாலும் தோல் மட்டும் சுருங்கி விரியும், உள்ளே மாவு பிடிக்காது. வெயிலும் புழுக்கமும் பட்டு மாதக்கணக்கில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார். நடுவில் வெள்ளையாக, கரகரவென்று இருக்கிறதா?

செக்காலை_வாசி | 3:52
ஆச்சி, சரக்கு எல்லாம் அப்புறம். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம். பயற்றின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினோடு அவை சேர்ந்து இறுகிப்போகும், அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் பிரியாது. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறதா, பாருங்கள். எங்கள் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரில் அப்பத்தா வேகவைத்த மொச்சை விரலால் தொட்டாலே மசியும். அதே மொச்சையை இப்போது போர் தண்ணீரில் போட்டால் பாதி நாள் அடுப்பில் நிற்கிறது. பழைய வீடுகளில் முற்றத்து மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தது சும்மா இல்லை.

பள்ளத்தூரான் | 3:58
ஒரு முக்கியமான விஷயம். சிவப்பு ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள். அதில் லெக்டின் என்று ஒரு நச்சுப்பொருள் உண்டு. வேகாத ராஜ்மா நாலைந்து வயிற்றுக்குள் போனாலே மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். இளஞ்சூட்டில் மூடி வைப்பது உதவாது. வயதானவர் சாப்பிடப் போகிறார் என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் மூத்தவரே, உப்பால் வேகாது என்பது சரியில்லை. ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் மெத்தென்று ஆகிறது. நான் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் செய்கிறேன்.

அடுப்படி_மூத்தவர் | 4:03
நீங்கள் செய்வதாலேயே அது சரி ஆகிவிடாது.

கும்பகோணத்து_மருமகள் | 4:06
இதற்கு ஏன் இவ்வளவு பாடு? பாசிப்பருப்பை அரைமணி ஊறவைத்து வடித்து, வெள்ளரிக்காய், கேரட், மாங்காய், தேங்காய்த் துருவல் போட்டுக் கடுகு தாளித்தால் கோசமல்லி தயார். குக்கரே வேண்டாம்.

பள்ளத்தூரான் | 4:09
கோசமல்லி என்றால் கத்தரிக்காய்தானே?

கும்பகோணத்து_மருமகள் | 4:11
கத்தரிக்காயா? ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு வைப்பது பாசிப்பருப்புக் கோசமல்லிதான். கன்னடத்தில்கூட கோசம்பரி என்பார்கள்.

தேவகோட்டை_ஆச்சி | 4:17
உங்கள் பக்கம் அப்படி இருக்கட்டும். எங்கள் பக்கம் கத்தரிக்காயை வேகவைத்துத் தோலுரித்து, கையாலேயே மசித்து, புளிக்கரைசல் விட்டு, சின்ன வெங்காயமும் மிளகாயும் தாளித்துக் கொட்டுவதுதான் கோசமல்லி. இடியாப்பத்துக்கும் இட்லிக்கும் அது இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

செக்காலை_வாசி | 4:20
இரண்டும் நல்ல சாப்பாடு. தண்ணீர் என்ன என்று இன்னும் அவர் சொல்லவில்லை.

புதுவயல்_மகள் | 4:24
நடுவில் வெள்ளையாகத்தான் இருக்கிறது ஆச்சி. பயறு போன மாதம்தான் வாங்கினேன். சாறு உள்ளே இறங்கட்டும் என்று இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு தக்காளியும் குக்கரிலேயே சேர்த்திருந்தேன், எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள்?

தேவகோட்டை_ஆச்சி | 4:27
அங்கேதான் இருக்கிறது ஆத்தா! புளிப்பு பட்டால் பயறு இறுகிக்கொள்ளும். மொச்சை மண்டி வைக்கும்போது அரிசி கழுவிய தண்ணீரில் மொச்சை நன்றாக வெந்து, விரலில் நசுங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்றுவோம். முன்னாலேயே ஊற்றிவிட்டால் மாமியார் கரண்டியைப் பிடுங்கிவிடுவார்.

இப்போது எல்லாவற்றையும் வடிகட்டி, தக்காளித் தோலை எடுத்துவிட்டு, பயற்றை மூன்று தண்ணீர் அலசு. கேன் தண்ணீர் ஊற்றி, ஆப்பசோடா இரண்டு விரலில் எடுக்கிற அளவு மட்டும் போடு. கூடிப்போனால் சோப்பு வாசம் வரும், பி1 சத்தும் போய்விடும். முதல் விசிலுக்கு அப்புறம் சின்னத் தீயில் 25 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும்.

வடித்ததும், சூடு ஆறுவதற்குள் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டி வை. சூட்டில்தான் பயறு உறிஞ்சும். வெள்ளரியும் தக்காளியும் விதை எடுத்துப் போடு. உப்பைப் பரிமாறும்போது போடு, முன்னாலேயே போட்டால் காயெல்லாம் தண்ணீர் விட்டுவிடும்.

அடுப்படி_மூத்தவர் | 4:35
எலுமிச்சையை முதலிலேயே சொல்லியிருந்தால் 3:21-க்கே பதில் வந்திருக்கும். ஆச்சி சொன்னது சரி. ராஜ்மாவையும் கடலையையும் இனிமேல் தனித்தனியாக வேகவையுங்கள், வேகும் நேரம் வேறு.

கும்பகோணத்து_மருமகள் | 4:40
ஆச்சி, அந்தக் கத்தரிக்காய்க் கோசமல்லி அளவு சொல்லுங்களேன்.

தேவகோட்டை_ஆச்சி | 4:52
நாளைக் காலையில் எழுதுகிறேன். பிஞ்சுக் கத்தரிக்காய் கால் கிலோ வாங்கி வையுங்கள்.

புதுவயல்_மகள் | இரவு 8:47
வெந்தது. அப்பச்சி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆச்சிக்கு நன்றி.

செக்காலை_வாசி | 8:50
சந்தோஷம். இரண்டாம் தடவை கேன் தண்ணீரா, போர் தண்ணீரா?

செக்காலை_வாசி | மறுநாள் காலை 7:15
தண்ணீரை மட்டும் சொல்லிவிடுங்கள்.