தோட்ட விசாரணைக் கடிதத்தில் வரும் ஆங்கிலச் சொற்கள்: நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை எப்படிப் படிப்பது, எப்படி மறுப்பது?

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் மாமா ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட காலமாக வேலை செய்கிறார். தொழிற்சாலையிலிருந்து தூள் பொதி ஒன்றை வெளியே கொண்டுசென்றதாகக் கூறி, தோட்ட அலுவலகத்திலிருந்து அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. தான் அதைச் செய்யவில்லை என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். பதிலை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அக்கடிதத்தில் ‘அலெஜ்’, ‘சார்ஜ்’ என்ற சொற்கள் வருகின்றன. பேச்சில் ‘அக்கியூஸ்’ என்பதையும் கேட்கிறோம். அகராதியைப் பார்த்தால் மூன்றுக்கும் ‘குற்றஞ்சாட்டு’ என்றே இருக்கிறது. அதேபோல் ‘டினை’, ‘ரிஃபியூட்’, ‘ரிஜெக்ட்’ எல்லாவற்றுக்கும் ‘மறு’ என்று இருக்கிறது. கடிதத்தின் முடிவில் ‘ஷோ கோஸ்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். காரணம் காட்டு என்றால், ஏன் எடுத்தாய் என்று கேட்கிறார்களா? தவறான ஒரு சொல்லால் அவருடைய வேலை போய்விடக் கூடாது என்ற கவலையில் கேட்கிறேன்.

ஹட்டன், ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ‘ஷோ கோஸ்’ என்பது ‘ஏன் எடுத்தாய்’ என்று கேட்பதன்று. முழு வாக்கியத்தையும் படியுங்கள்: ‘ஷோ கோஸ் வை டிசிப்ளினரி ஆக்‌ஷன் ஷுட் நொட் பி டேக்கன் அகெய்ன்ஸ்ட் யூ’ என்று இருக்கும். உமக்கெதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு நியாயம் இருந்தால் அதைக் கூறும் என்பதே அதன் பொருள். ‘நான் அதைச் செய்யவில்லை’ என்பதே போதுமான நியாயம்தான். இது விளங்காமல், வீட்டுக் கஷ்டத்தையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் எழுதி, ‘இம்முறை மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்த கடிதங்களை நான் கண்டிருக்கிறேன். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தை விசாரிப்பவர் குற்ற ஒப்புதலாக வாசிக்க முடியும். இரக்கம் தேடி எழுதிய வரிகளே ஒரு தொழிலாளியின் வேலையைப் பறிப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

இனி அந்த மூன்று சொற்களுக்கு வருவோம். ‘அக்கியூஸ்’ என்பது ஓர் ஆளை நோக்கிச் சொல்வது; கணக்கப்பிள்ளையும் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லலாம். ‘அலெஜ்’ என்பதோ ஆளையன்று, நடந்ததாகச் சொல்லப்படும் செயலைப் பற்றியது. ஆகவே ‘தே அலெஜ்டு ஹிம்’ என்று எழுதினால் பிழை. ‘தே அலெஜ்டு தட் ஹி டுக் தி பாக்கெட்’ என்று எழுத வேண்டும். சொல்பவர் இன்னும் சான்று காட்டவில்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ‘சார்ஜ்’ என்பது அதிகாரம் உள்ள ஒருவர் முறைப்படி, எழுத்தில், இன்ன செயல் என்று குறிப்பிட்டுச் சுமத்துவது. மூன்றும் கனத்தில் வேறுபட்டாலும் ஒன்றுகூடக் குற்றம் நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. ‘கன்விக்ட்’ என்ற சொல் மட்டுமே அதைச் சொல்லும், அதைச் சொல்ல வேண்டியதும் நீதிமன்றமே. நமது இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை, குற்றவாளி என எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளி என்றே ஊகிக்கப்பட வேண்டும் என்கிறது. தோட்ட விசாரணை நீதிமன்ற வழக்கன்று. ஆயினும் இந்தச் சொற்களைப் படிக்கும்போது அந்த எண்ணம் மனதில் இருக்கட்டும்.

மறுப்பதற்கு ‘டினை’ என்பதையே பயன்படுத்துங்கள். ‘ஐ டினை தி சார்ஜ்’ என்ற சிறிய வாக்கியம் தெளிவானது, போதுமானது. ‘ரிஃபியூட்’ என்றால் சான்று காட்டிப் பொய்யென நிறுவுவது. பத்திரிகைகளில் இப்போது அதையும் வெறும் மறுப்புக்கு எழுதுகிறார்கள் என்றாலும், கையில் சான்று இல்லாமல் கடிதத்தில் அதை எழுதினால் ‘எங்கே சான்று’ என்ற கேள்வி வரும். ‘ரிபட்’ என்பது எதிர்ச்சான்று கொடுத்துப் பதிலளிப்பது. அன்றைய வருகைப் பதிவேடு போன்ற ஒன்றை இணைக்கும்போது அது பொருந்தும். ‘ரிஜெக்ட்’ என்பது ஏற்க மறுப்பது மட்டுமே. உண்மையா பொய்யா என்பதை அது தொடுவதில்லை.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. வேலை நேரத்தில் அங்கே இருந்ததைக் குறிப்பிடும்போது ‘ஐ அட்மிட் தட் ஐ வொஸ் ஒன் டியூட்டி’ என்று எழுதாதீர்கள். தனக்குப் பாதகமான ஒன்றை ஒப்புக்கொள்ளும் இடத்துக்குரிய சொல் ‘அட்மிட்’. கடமையில் இருந்தது பாதகமன்று, ஆகவே ‘ஐ வொஸ் ஒன் டியூட்டி’ என்பதே போதும். அதேபோல் பதில் கடிதத்தில் ‘தி தெஃப்ட்’ என்று எழுதினால், களவு நடந்தது என்பதை நீங்களே ஏற்றுக்கொண்டதாக ஆகும். ‘தி அலெஜ்டு தெஃப்ட்’ என்றே ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். வாசிக்கச் சலிப்பாக இருந்தாலும் விடாதீர்கள்.

பண்டாரவளை, பிரதேச செய்தியாளர்:

ஐயா சொன்னதோடு ‘கிளெய்ம்’ என்ற சொல்லையும் சேர்க்க விரும்புகிறேன். ‘தி வோச்சர் செட்’ என்றும் ‘தி வேர்க்கர் கிளெய்ம்டு’ என்றும் ஒரே அறிக்கையில் எழுதினால், காவலாளியின் பேச்சை உண்மை போலவும் தொழிலாளியின் பேச்சை ஐயத்துக்குரியது போலவும் அந்த அறிக்கை காட்டிவிடும். பொய் என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனாலும் வாசிப்பவரின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விசாரணைக் குறிப்பு உங்கள் கைக்குக் கிடைத்தால், யாருடைய பேச்சுக்கு எந்த வினைச்சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரு தரப்புக்கும் ‘செட்’ என்பதே நேர்மையான சொல். ‘மெயின்டெய்ன்’ என்றால் தொடர்ந்து அதையே உறுதியாகச் சொல்வது. மாமாவின் நிலைப்பாட்டுக்கு அது கண்ணியமான சொல்.

மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் என்பதால் இதையும் சொல்கிறேன். ‘அலெஜிட்லி’, அதாவது ‘கூறப்படுவதன்படி’, என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் எதையும் எழுதலாம் என்று இளைஞர்கள் முகநூலில் நினைக்கிறார்கள். 2002இல் குற்றவியல் அவதூறு நமது சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது உண்மை. ஆனால் மானநட்ட வழக்கு இன்றும் தொடரலாம், அந்த ஒரு சொல் மட்டும் எவரையும் அதிலிருந்து காப்பாற்றாது. ஒருவரைப் பற்றிய வதந்தியைப் பரப்பிவிட்டு அதன் முன்னால் ஒரு சொல்லை ஒட்டிவைப்பதால் அந்தக் குடும்பத்தின் மானம் திரும்பி வராது.

மஸ்கெலியா, தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்:

தங்கச்சி, பதிலைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தையும் இணைத்துக் கொடுங்கள். கடிதத்தில் சொல்லியிருக்கும் தவணைக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் அவர் கையொப்பம் இடக் கூடாது. ஒருவேளை வேலையை விட்டு நிறுத்தினால், 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தலவாக்கலை ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. கடிதத்தோடு காவலாளியின் வாக்குமூலத்தின் ஆங்கிலப் பிரதியும் வந்திருக்கிறது. அதில் ‘ஹி டுக் தி பாக்கெட் அவுட்’ என்று நேராக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காவலாளி அன்றிரவு வேறு வாசலில் நின்றதாக எல்லோரும் சொல்கிறார்கள். கேள்விப்பட்டதை மட்டும் அவர் சொல்லியிருந்தால், ஆங்கிலத்தில் அது எப்படி இருந்திருக்க வேண்டும்?

ஹட்டன், ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

மிகச் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள், சகோதரி. அவர் தமிழில் ‘பொதியைக் கொண்டுபோனார்’ என்று சொன்னாரா, ‘கொண்டுபோனாராம்’ என்று சொன்னாரா என்பதை முதலில் அறிய வேண்டும். நமது பேச்சில் கடைசியில் வரும் அந்த ‘ஆம்’ ஒன்றே, ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்பதைத் தெரிவித்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அதற்கு இடமில்லை. தனியாக ‘ரிப்போர்ட்டட்லி’ என்றோ, ‘ஐ வொஸ் டோல்ட் தட்’ என்றோ எழுதினால்தான் அந்தப் பொருள் கிடைக்கும். வாக்குமூலத்துக்கு ‘ஐ வொஸ் டோல்ட் தட்’ என்பதே சிறந்தது, ஏனென்றால் உடனே ‘யார் சொன்னார்’ என்ற கேள்விக்கு அது வழிவிடும். அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் ‘ஆம்’ என்பதை விட்டுவிட்டால், செவிவழிச் செய்தி கண்ணால் கண்ட சாட்சியாக மாறிவிடும். நீதிமன்றத்தில் பணியாற்றிய காலம் முழுவதும் நான் மிகவும் அஞ்சிய பிழை இதுதான்.

ஆகவே பதில் கடிதத்தில் இரண்டைக் கேளுங்கள். காவலாளி தமிழில் கொடுத்த மூல வாக்குமூலத்தின் பிரதி வேண்டும் என்று எழுதுங்கள். விசாரணை நாளில் அவரிடம் தமிழிலேயே, ‘நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, அல்லது யாராவது சொன்னார்களா?’ என்று கேட்க அனுமதி வேண்டும் என்றும் எழுதுங்கள். அவர் சொல்லும் பதிலை ஆங்கிலத்தில் பதியும்போது நீங்களோ தோட்டத் தலைவரோ பக்கத்தில் இருந்து, அந்த வரியை வாசித்துப் பார்த்த பின்னரே மாமாவைக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.