புதுப்பிப்பு: ஆத்தாவைச் சேத்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தேனே, ஆத்தாவோட முடக்குவாதத்துக்குப் புது மருந்து ஆய்வுல சேரச் சொல்றாங்க, சேக்கலாமான்னு. சேத்தாச்சு.

காரைக்குடியிலேருந்து மதுரைக்கு மூணு நடை. முதல் நாளே ஒப்புதல் படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்துனாங்க. ஆத்தா அசையலை. "முழுசாப் படிச்சுக் காட்டுய்யா, அப்புறம் போடுறேன்"னாக. வட்டிக்கணக்குப் பாத்த வீடாச்சே! வளவுல உக்காந்து வரிவரியாப் படிச்சோம். எப்ப வேணாலும் விலகிக்கலாம். ஆய்வால பாதிப்பு வந்தா வைத்தியமும் இழப்பீடும் உண்டு. புது மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள்லயே இருக்கு. நம்ம நாட்டு மருந்து ஆய்வுகளைப் பதியிற சிடிஆர்ஐ தளத்துல, ஆய்வோட பதிவு எண்ணையும் கேட்டு வாங்கித் தேடிப் பாத்துட்டேன்.

ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாங்க. எதிர்ப்புசக்தியை அடக்குற மருந்து, பதுங்கிக் கிடக்கிற காசநோய் கிளம்பிடக் கூடாதாம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருநாள் போடுற பழைய மருந்து மெத்தோட்ரெக்ஸேட் அப்படியே தொடருது. ஒப்பிட்டுப் பாக்கச் சிலருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரை குடுப்பாங்களாம்; ஆத்தாவுக்குக் குடுக்கிற புது மாத்திரை நிசமா, வெத்தான்னு டாக்டருக்கே தெரியாது.

"வெத்து மாத்திரைக்கா இம்புட்டுத் தூரம்?"னு ஆத்தாவுக்கு ஒரே சிரிப்பு.

இன்னும் பெருசா மாற்றமில்லை. இன்னைக்குக் காலையிலயும் முக்கால் மணி நேரம் விரல் மடங்கலை. பெட்டகத்துச் சாவியைத் திருப்ப முடியாமத் திணறுனாக. ஆனா சாவியை எங்கிட்டத் தரலை.