மறு: ரெபாசிட்டரிக்குத் தமிழ் – ‘ஆய்வு வைப்பகம்’

அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் ஆய்வாளர்களின் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் சேர்த்து வைக்க நடத்தும் இன்ஸ்டிடியூஷனல் ரெபாசிட்டரிக்கு இந்த இழையில் ‘நிறுவனக் களஞ்சியம்’, ‘ஆய்வுக் காப்பகம்’, ‘அறிவுப் பண்டாரம்’ என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. நான் ‘ஆய்வு வைப்பகம்’ என்பதை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் பகிர்வனவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று அதன் மின்நூலகம். 2011இல் நியூட்டனின் கையெழுத்துத் தாள்களை அங்கே வெளியிட்டார்கள். கெய்ரோ கெனிசா துணுக்குகளும் அங்கேதான். பழைய கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்து கிடந்தவற்றை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 1,93,000 துணுக்குகள். மறைநூல் ஏடுகள், திருமண ஒப்பந்தங்கள், கடைக் கணக்குகள், பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள்கள் என எல்லாம் உண்டு. மலபார்க் கரையோடு வணிகம் செய்தவர்களின் கடிதங்களும் அதில் இருப்பதால் நம் பக்கத்து வரலாற்று ஆய்வாளர்களுக்கும் அது பெரிய செல்வம்.

இன்னொன்று ‘அப்போலோ’ என்ற ரெபாசிட்டரி. ஸ்டீபன் ஹாக்கிங் 1966இல் பட்டம் பெற்ற முனைவர் ஆய்வேடு, அவருடைய அனுமதியோடு 2017 அக்டோபரில் அதில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. உலகெங்கிலுமிருந்து வந்த கூட்டத்தைத் தாங்காமல் தளமே படுத்துவிட்டது. அதே மாதத்திலிருந்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெறுகிறவர்கள் ஆய்வேட்டின் மின்படியையும் நூலகத்தில் சேர்த்தாக வேண்டும் என்ற விதி வந்தது. ஆய்வேடுகள் மட்டுமல்லாமல் இதழ்க் கட்டுரைகள், கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் தரவுக் கோப்புகள் எல்லாம் அங்கே வருகின்றன.

இந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு? கெனிசாத் தாளை எழுதியவர் கேம்பிரிட்ஜ் என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். யாரோ தேடி எடுத்தார்கள், நூலகம் காக்கிறது. ஆய்வேட்டை எழுதியவரோ தாமே கொண்டுவந்து வைக்கிறார். எந்த உரிமத்தில் வைக்கிறோம், உடனே திறக்கலாமா, சில காலம் மூடி வைக்க வேண்டுமா என்பதிலெல்லாம் அவருக்கும் பங்கு உண்டு. ஆக, ஆசிரியர் கொண்டுவந்து வைப்பதுதான் ரெபாசிட்டரியின் உயிர். நம் சொல் அதைச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

> களஞ்சியம் பழகிவிட்டதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். கலைக்களஞ்சியம் என்றால் என்சைக்ளோபீடியா. மென்பொருள் எழுதுபவர்கள் நிரல்களைச் சேமிக்கும் கிட் ரெபாசிட்டரியையும் களஞ்சியம் என்கிறார்கள். நூலகத்துக்குள் இந்த மூன்றும் ஒரே நாளில் பேச்சில் வரும். மேலும், களஞ்சியத்திலிருந்து ஒரு வினைச்சொல்லை எடுக்க முடிவதில்லை. பொருள் உள்ளே இருப்பதைச் சொல்கிறதே தவிர, யார் வைத்தார் என்பதைச் சொல்வதில்லை.

> ஆய்வுக் காப்பகம்?

எழும்பூரில் இருப்பது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆர்க்கைவ்ஸ் என்பதற்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் ஆர்க்கைவ்ஸ் பிரிவும் ரெபாசிட்டரியும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் சரிவராது.

பண்டாரத்தைச் சொன்ன ஐயாவுக்கு என் வணக்கம். கல்வெட்டில் நூலகத்தைச் ‘சரசுவதி பண்டாரம்’ என்று படிக்கும்போது எனக்கும் மனம் நெகிழும். ஆனால் இன்றைய மாணவர் காதில் அந்தச் சொல் வேறு பொருளில் விழுகிறது. அதை மாற்ற நம்மால் ஆகாது.

சரி, வைப்பகம். வள்ளுவர் ‘பொருள்வைப் புழி’ என்கிறார். ஒருவன் தான் பெற்ற பொருளை வைக்கும் இடம் என்று பொருள். நாலடியாரும் கல்வியைப் பற்றிப் பேசும்போது ‘வைப்புழி’ என்ற சொல்லைத்தான் கையாள்கிறது. ‘வைப்புழி’ என்றே வைக்கலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இடம் என்று பொருள்படும் ‘உழி’ இன்று வழக்கில் இல்லை. வேரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, ஈற்றுக்கு எல்லோருக்கும் தெரிந்த ‘அகம்’ சேர்த்தால் போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்துச் சொற்களும் தாமாகவே வந்துவிடுகின்றன. டெபாசிட் செய்வது வைப்பிடுதல். செய்பவர் வைப்பாளர். நூலகரை எதிர்பார்க்காமல் ஆசிரியரே தன் கட்டுரையை ஏற்றும் செல்ஃப்-ஆர்க்கைவிங் தன்வைப்பு. ஆய்வேட்டைச் சில காலம் மூடி வைக்கும் எம்பார்கோவை மட்டும் இந்தக் குடும்பத்துக்குள் இழுக்க வேண்டாம். ‘மூடுகாலம்’ என்றாலே விளங்கும்.

இரண்டு மறுப்புகள் வரக்கூடும். தனித்தமிழ் அன்பர்கள் வங்கியை வைப்பகம் என்று எழுதுவது உண்டு. ‘ஆய்வு’ என்ற முன்னடை அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். இரண்டாவது கொஞ்சம் கனமானது. பதிப்பாளர்கள் ஒவ்வொரு நூலின் படியையும் சட்டப்படி குறிப்பிட்ட நூலகங்களுக்குக் கொடுக்கும் முறையையும் ஆங்கிலத்தில் டெபாசிட் என்றே சொல்கிறார்கள். இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அப்படி நூல்கள் வருகின்றன. அது பதிப்பாளரின் கடமை. அதற்கு ‘நூல் ஒப்படைப்பு’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கலக்காது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் ஏட்டளவுப் பேச்சு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009ஆம் ஆண்டு விதிமுறைக்குப் பிறகு நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டு ரெபாசிட்டரிக்குப் போகின்றன. தமிழில் எழுதிய ஆய்வேடுகளும் அங்கே ஏராளம். தமிழில் ஆய்வேடு எழுதிய மாணவர், அதைச் சேர்க்கும்போது மட்டும் ஆங்கிலப் படிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமா? ரெபாசிட்டரி நடத்த உலகெங்கும் பல நூலகங்கள் பயன்படுத்தும் டீஸ்பேஸ், யாரும் மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள்தான். அதன் திரைச்சொற்களை நாமே தமிழாக்கலாம்.

அதற்கு முன் ஒன்று முடிவாக வேண்டும். டீஸ்பேஸில் ஒரு துறைக்குள் ‘கலெக்‌ஷன்’ என்று ஒரு பிரிவு வரும். நூலகத்தின் அரிய நூல்களும் சுவடிகளும் அடங்கிய ஸ்பெஷல் கலெக்‌ஷன்ஸுக்குச் ‘சிறப்புத் தொகுப்புகள்’ என்று எழுதி வருகிறோம். இங்கேயும் ‘தொகுப்பு’தானா, அல்லது ‘சேகரம்’ என்று பிரித்துவிடலாமா? நூலகத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் அடுத்த மடலில் சொற்பட்டியலை அனுப்புகிறேன்.

அன்புடன்