ஏறும்போது சும்மா இருக்கும் முட்டி, இறங்கும்போது மட்டும் வலிப்பது ஏன்?

அடிவாரத்தான்:
ஏற்காட்டுக்கு வாராவாரம் ஒரு நடைக்குழு போகுதுங்க. கிளியூர் அருவிக்கு இறங்குற வழியில பாதி தாண்டுறதுக்குள்ள நாலஞ்சு பேர் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடுறாங்க. திரும்பி ஏறும்போது மூச்சுதான் வாங்குது, முட்டி ஒண்ணும் பண்றதில்ல. ஏத்தம்தானே கஷ்டம்? கேட்டா எல்லாரும் 'தேய்மானம்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறாங்க. அதுல ரெண்டு பேருக்கு முப்பது வயசுகூட ஆகல. உள்ள என்னதான் நடக்குது? முட்டிக்கு மாட்டுற இறுக்கமான துணி உறை, அதான் 'நீ கேப்' (knee cap), போட்டா சரியாகுமா?

பிசியோ_சேலம்:
முப்பது வயதுக்குள் தேய்மானம் என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

முட்டிக்குள் இரண்டு இணைப்புகள் உண்டு. தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின் மேல் உட்காருவது ஒன்று. முட்டிச்சில்லு தொடை எலும்பின் முன்பக்கப் பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்குவது இன்னொன்று. இறக்கத்தில் வலி வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து தொட்டுப் பாருங்கள். சில்லுக்குக் கீழே கயிறு மாதிரி ஒரு நார், அது போய் முடியும் இடத்தில் கீழ்க்கால் எலும்பில் ஒரு மேடு. தொடையின் முன்பக்கத்து நாலு தசைகளும் சேர்ந்து சில்லைப் பிடித்து இழுக்கின்றன. சில்லு இந்த நார் வழியாக மேட்டை இழுக்கிறது, கால் நீள்கிறது. கிணற்று ராட்டினம் கயிற்றுக்குச் செய்வதை இங்கே சில்லு செய்கிறது.

படி இறங்கும்போது மேல்படியில் நிற்கும் கால், உடம்பின் முழுப் பாரத்தோடு மெதுவாக மடங்க வேண்டும். தொடைத்தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பு சில்லைப் பின்னால் தள்ளி எலும்போடு அழுத்துகிறது. சமதரையில் நடக்கையில் இந்த அழுத்தம் உடல் எடையில் ஏறக்குறைய பாதி. படியில் மூன்று மடங்குக்கு மேல். முழுக்கக் குத்தவைத்து எழுந்தால் ஏழு மடங்கு வரைகூடப் போகும். 60 கிலோ ஆளுக்குப் படியில் 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். படி உயரம் கூடக்கூட மடக்கும் கூடும், அழுத்தமும் ஏறும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும் பஸ்ஸில் பிரேக்தானே சூடாகிறது!

இன்னொன்று: கீழ்ப்படியில் ஊன்றும் காலைவிட மேல்படியில் நிற்கும் கால்தான் வலிக்கும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எலும்பும்_நாரும்:
மேல சொன்னது சரி. ஆனா எல்லா இறக்க வலியும் சில்லு இல்லீங்க, எந்த இடம்னு கேளுங்க.

நம்ம ஊர்ல 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு'ன்னா ரெண்டு அர்த்தம், அதுலதான் குழப்பமே. ஒண்ணு மெனிஸ்கஸ்: ரெண்டு எலும்புக்கும் நடுவுல பிறை மாதிரி ரெண்டு குருத்தெலும்புத் தட்டு. இன்னொண்ணு லிகமெண்ட்: எலும்பை எலும்போட கட்டுற நார். உள்ளே குறுக்கா ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு, முக்கியமானது மொத்தம் நாலு.

முட்டி வெறும் கதவுக்கீல் கிடையாது. மடங்கியிருக்கும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும், முழுசா நீட்டினா பூட்டிக்கும். பாதத்தைப் பாறையிடுக்குல ஊன்றி, முட்டி மடங்கின வாக்குல உடம்பை மட்டும் திருப்பினா மெனிஸ்கஸ் மாட்டிக்கிட்டுக் கிழியும். உள்பக்கத் தட்டு பக்கத்து நாரோட ஒட்டியிருக்கு, நழுவித் தப்பிக்க முடியாது; அதனால அதுதான் அதிகம் கிழியுது.

அடிபட்ட ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வீங்கினா உள்ளே ரத்தம். ஏ.சி.எல்., அதாவது உள்ளே குறுக்கா இருக்கிற ரெண்டு நார்ல முன்பக்கத்தது, அறுந்திருக்கலாம், எலும்பு விரிசலும் இருக்கலாம். மறுநாள் காலையில மெல்ல வீங்கினா மெனிஸ்கஸ் பக்கம் சந்தேகப்படணும். வலியில்லாம 'மடக்'னு சத்தம் மட்டும் வந்தா விட்டுடுங்க.

அடிவாரத்தான்:
கேட்டேன், மேல்படிக் கால்தானாம்! ஆனா ஒருத்தருக்கு மட்டும் முட்டியோட வெளிப்பக்கம். முதல்ல ஒண்ணும் இல்ல, அரை மணி நேரம் இறங்கினப்புறம் சுருக்குனு பிடிக்குதாம்.

எலும்பும்_நாரும்:
இடுப்புலேர்ந்து தொடையோட வெளிப்பக்கமா முட்டிக்குக் கீழ வரைக்கும் ஒரு பட்டை நார் இறங்குது. முட்டி 30 டிகிரி மடங்குற இடத்துல அது எலும்பு முனைமேல அழுந்தும். இறக்கத்துல ஒவ்வொரு எட்டும் அந்த 30-ஐத் தாண்டித்தான் போகணும். கொஞ்ச நாள் இறக்கத்தை நிறுத்தச் சொல்லுங்க. ஒருக்களிச்சுப் படுத்து மேல்காலை நேரா தூக்கி இறக்கட்டும், இடுப்புப் பக்கத்துத் தசைக்கு வலு வரும்.

பிசியோ_சேலம்:
நீ கேப் கதகதப்பும் தைரியமும் தரும், பாரத்தை வாங்காது. அந்தக் காசுக்கு இரண்டு கம்பு வாங்குங்கள். சமதரையில் முழங்கை 90 டிகிரி மடங்கும் நீளம். இறக்கத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கூடுதல். கம்பை முதலில் கீழே ஊன்றி, பிறகு கால். எட்டு சின்னதாக இருக்கட்டும்.

வீட்டில் 10 செ.மீ. உயரமான படியில் ஒரு காலில் நின்று, மறுகாலின் குதிகாலைத் தரையில் பட்டும் படாமலும் தொட்டு மேலே வரச் சொல்லுங்கள். கீழே போக மூன்று விநாடி. பத்துப் பத்தாக மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். கண்ணாடி முன் நின்று செய்வது நல்லது: முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்ந்தால் சில்லு பள்ளத்தின் ஓரத்தில்தான் உரசும், பயிற்சியே வலியாகும். இரண்டாவது விரலுக்கு நேராக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு 5 செ.மீ. உயரத்தில் தொடங்கலாம்.

விழுந்தபின் நாலு எட்டு வைக்க முடியாதவர், முட்டியை 90 டிகிரி மடக்க முடியாதவர், பாதி மடக்கில் பூட்டிக்கொண்டவர், காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதிப்பவர்: இவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள்.