வீடு இடிக்கும் இடத்தில், காணி நிரப்பும் இடத்தில் நீங்கள் கண்டது என்ன?

வெள்ளவத்தை அக்கா
எங்கள் ஒழுங்கையில் பழைய வீடொன்றை இடித்து அப்பார்ட்மென்ட் கட்ட வந்தார்கள். கூரை முழுக்க அஸ்பெஸ்டஸ் சீட். ஆணி கழற்றப் பொறுமையில்லை, அலவாங்கால் அடித்து உடைத்துக் கீழே வீசினார்கள். எங்கள் மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. துணியைக் கழுவலாம், சரி. மத்தியானம் ஒரு பொடியன் அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோற்றுப் பார்சலை விரித்தான். மேலே இன்னும் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சோற்றில் விழுந்த தூளை வாயால் ஊதிவிட்டுச் சாப்பிடுகிறான்! "தம்பி, அங்கால போய்ச் சாப்பிடுங்கோ" என்றேன். "பரவாயில்லக்கா, இங்கதான் நிழல்" என்று சிரித்தான். கேட்டில் அனுமதி இலக்கம் போட்ட பெரிய பலகை தொங்குகிறது.

பழைய கொந்தராத்து
இவ்வளவு பயம் தேவையில்லை அக்கா. நாங்கள் எல்லோரும் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழேதான் வளர்ந்தோம். நீல வகைதான் ஆபத்து, அது எப்போதோ தடை. இப்போது வருவது வெள்ளை. உண்மையாகவே ஆபத்தென்றால் அரசாங்கம் விடுமா?

கிராண்ட்பாஸ்
சீட்டாவது கண்ணுக்குத் தெரியும். என் மச்சான் வாங்கியது முன்பு கராஜ் இருந்த காணி. உறுதியை லோயர் பார்த்தார், எல்லையை சர்வேயர் பார்த்தார், மண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. அத்திவாரம் வெட்ட பெக்கோ இறங்கியதும் கறுப்புச் சேறு வந்தது, டீசல் நாற்றம் தெருமுனை வரை. குழியில் ஊறிய தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். மேசன் பாஸ் அசையவில்லை. "கறுப்ப அள்ளிட்டு நல்ல மண் போட்டா முடிஞ்சுது" என்றார். அள்ளியதை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று லொறிக்காரரைக் கேட்டேன். வத்தளைப் பக்கம் ஒருவர் தோட்டம் நிரப்ப மண் கேட்டிருக்கிறாராம். அங்கே கிணறு இருக்கிறதா என்று கேட்பதற்குள் லொறி திரும்பிவிட்டது. வத்தளைப் பெயரைக் கேட்டாலே இப்போதும் அந்த நாற்றம்தான் ஞாபகம்.

கொட்டாஞ்சேனை ராஜா
"அரசாங்கம் விடுமா" என்ற அண்ணனுக்கு: விட்டது. 2018 பிறக்கும்போது இலங்கையில் அஸ்பெஸ்டஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வருவதாக இருந்தது. 2017 டிசம்பரில் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. இங்கே வரும் அஸ்பெஸ்டஸில் பெரும்பகுதி ரஷ்யாவுடையது. சில நாட்களில் இங்கே கட்டுப்பாடு தளர்ந்தது, அங்கே தேயிலை இறங்கியது. இதில் நுரையீரலைப் பற்றி யார் பேசினார்கள்? வெள்ளை உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் வர 20, 30, 40 வருடம்கூட ஆகும். அதனால்தான் "எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே" என்ற பேச்சு.

என் கதை சின்னது: சித்தப்பா வீட்டுக் குசினிக் கூரையில் குழாய்க்கு ஓட்டை போட கிரைண்டரைப் பிடித்தார்கள், கீழே சித்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

இனி இடிக்கப் போகிறவர்கள் கேளுங்கள். உடையாத சீட் தலைக்கு மேல் சும்மா கிடந்தால் பெரிதாகப் பிரச்சினையில்லை, வெட்டினால், உடைத்தால்தான் நார் பறக்கும். முதலில் நன்றாக நனையுங்கள். ஆணியைக் கழற்றி முழுச் சீட்டாகக் கையில் வாங்கி இறக்குங்கள், வீசாதீர்கள். கிரைண்டர் வேண்டாம். தூளை உலர்ந்தபடி கூட்டக்கூடாது, ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் சேர்த்துக் கட்டுங்கள். தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே அஸ்பெஸ்டஸ் என்று வெளியே எழுதி ஒட்டுங்கள். கொரோனாக் காலத்து நீல மாஸ்க் இதற்குச் சரிவராது. அபாயக் கழிவை ஏற்றுபவருக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு துவைக்காதீர்கள். இன்னும் எழுதலாம்.

கொலன்னாவை மருமகன்
ராஜா அண்ணன் இடிக்கப் போகிறவர்களுக்குச் சொன்னார். கட்டப் போகிறவர்களுக்கு என் மாமனார் காணி. மண் பரிசோதனைக்குத் துளையிட்டபோது மண்ணுக்குப் பதிலாக பொலித்தீன், செருப்புத் துண்டு, ஷாம்பு பக்கற். பக்கற்றில் விலையை வாசிக்க முடிந்தது! சதுப்பைக் குப்பையால் நிரப்பி மேலே கபுக் மண் போட்டு விற்றிருக்கிறார்கள். வீடு தாழ்வது ஒரு பக்கம். அழுகும் குப்பையிலிருந்து வரும் மீத்தேன் மூடிய அறையில் சேர்ந்தால் ஒரு பொறி போதும், தீப்பிடிக்கும். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் போனது எங்களுக்குப் பக்கத்தில்தான். அதற்குப் பிறகும் மாமா கேட்டது, "ஒரு மாடி மட்டும் கட்டினா பிரச்சினையில்லையே?"

தெமட்டகொட
எல்லோரும் நஞ்சைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் லிப்ட் குழியில் தேங்கிய தண்ணீரை பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கரண்டியால் மொண்டு காட்டினார், நெளிந்தது முழுக்க நுளம்புக் குடம்பி. 2007 நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் போட்டார். எங்கள் மாடியில் இரண்டு பிள்ளைகளுக்கு அதற்கு முன்னமே டெங்கு.

பழைய கொந்தராத்து
ராஜா தம்பி, வாசித்தேன். நனைத்து, கழற்றி, சுற்றி இறக்கினால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். விலைக்கூறலில் அதை ஒரு வரியாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். காணிக்காரர் முதலில் வெட்டச் சொல்வது அந்த வரியைத்தான். வெட்டாவிட்டால் வேலை அடுத்தவனுக்கு.