புதுப்பிப்பு: டைம்ஷேர் வாரத்தை எப்போது டெபாசிட் செய்வது?

டைம்ஷேர் வாரத்தை, அதாவது ஒரு ரிசார்ட்டில் ஆண்டுதோறும் தங்க நமக்கு உரிமையுள்ள வாரத்தை, வேறு ரிசார்ட்டின் வாரத்தோடு மாற்றிக்கொள்ளும் முறை பற்றிய முந்தைய பதிவில், டெபாசிட் தேதி (அந்த வாரத்தை மாற்று நிறுவனத்திடம் ஒப்படைக்கும் நாள்) ஏன் முக்கியம் என்று சொல்லாமல் விட்டிருந்தேன். பலர் கேட்டதும் அதையேதான்.

ஆர்.சி.ஐ. என்ற மாற்று நிறுவனத்தின் வாரத் திட்டத்தில், செக்-இன் தேதிக்கு 9 மாதம் முன்பே டெபாசிட் செய்தால் முழு மாற்று மதிப்பு (பதிலுக்கு எவ்வளவு நல்ல வாரம் எடுக்கலாம் என்பதன் அளவு) கிடைக்கும். தாமதிக்கத் தாமதிக்க அது குறையும். இன்னொரு மாற்று நிறுவனமான இன்டர்வல் இன்டர்நேஷனலில் எல்லை செக்-இன்னுக்கு 60 நாள் முன்பு. 59 நாளுக்குள் கொடுத்த வாரத்தை வைத்து, கிளம்ப 59 நாளுக்குள் இருக்கும் கடைசி நேர இடங்களை மட்டுமே எடுக்க முடியும். பள்ளி விடுமுறையை நம்பித் திட்டமிடும் குடும்பத்துக்கு இது பெரிய அடி.

இன்டர்வலில் இன்னொரு வழியும் உண்டு: உங்கள் வாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே கோரிக்கை போடலாம். பொருத்தம் உறுதியானதும்தான் வாரம் போகும். ஆனால் நாள் நெருங்கிய பிறகு பொருத்தம் வராவிட்டால் டெபாசிட் மதிப்பும் குறைந்துவிடும். அதனால் தேவை அதிகமுள்ள சீசன் வாரத்துக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

டெபாசிட்டுக்கு முன் அந்த ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். பாக்கி இருந்தால் பல ரிசார்ட்டுகள் வாரத்தை விடுவிக்காது. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் வாரம் வைத்திருப்போர் ஆர்லாண்டோவுக்கே மாற்றக் கேட்டால் வட்டாரத் தடை (தன் வாரம் இருக்கும் வட்டாரத்துக்குள்ளேயே மாற்ற விடாத விதி) குறுக்கே வரலாம். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.