கலைச்சொல்: ஜஸ்டிஃபிகேஷன் – நீதிமானாக்கலா, ஏற்புடைமையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> இறையியல் அகராதிக்கு ஜஸ்டிஃபிகேஷன் (பாவியான மனிதர் கடவுள்முன் நீதிமானாவது) என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல் வேண்டும். கத்தோலிக்கர், லுத்தரன் இரு தரப்பும் ஏற்பதாக இருந்தால் நல்லது.

ஒரே சொல் என்றதும்தான் தகராறே. 'நியாயப்படுத்தல்' ஆகவே ஆகாது. தப்பு செய்துவிட்டுச் சாக்குச் சொல்வதற்குத்தான் இன்று அந்தச் சொல். (கணினிக்காரர்களுக்கு இதே ஜஸ்டிஃபிகேஷன், பத்தியின் இரு ஓரத்தையும் நேராக்குவது. அவர்கள் பாடு நிம்மதி.)

மிச்சம் இரண்டு. ரோமர் 3:28இல், பழைய மொழிபெயர்ப்பில் மனுஷன் 'நீதிமானாக்கப்படுகிறான்'. 1995இல் வந்த திருவிவிலியத்தில் கடவுளுக்கு 'ஏற்புடையவர்' ஆகிறார். அம்மா சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), அப்பா ஆர்.சி. (கத்தோலிக்கர்) என்பதால் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டும் தோளோடு தோள் நிற்கும். ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றை எடுத்தால் வேறு விஷயம் பேசுகிறார்களோ என்று தோன்றும்.

சண்டை எங்கே என்றால், புராட்டஸ்டண்ட் தரப்புக்கு, குறிப்பாக லூதரின் தோழர் மெலாங்க்தனுக்குப் பிறகு, இது நீதிமன்றக் காட்சி. கூண்டில் நிற்பவன் பாவிதான். கிறிஸ்துவின் நீதியை அவன் கணக்கில் வரவு வைத்து, 'இவன் நீதிமான்' என்று கடவுள் தீர்ப்புச் சொல்கிறார். உள்ளே நடக்கும் மாற்றத்துக்குப் 'பரிசுத்தமாகுதல்' என்று தனிப்பெயர். கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் சங்கம் 1547இல் அப்படிப் பிரிக்க மறுத்தது. மன்னிப்பும் உள்ளத்தின் புதுப்பிப்பும் ஒன்றாகவே நடக்கின்றன, நீதிமான் என்று எண்ணப்படுவது மட்டுமல்ல, நீதிமானாகவே ஆகிறோம் என்றது.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் சொற்கள் முகாம் மாறிக் கிடக்கின்றன. 'ஆக்கு' என்பது ட்ரெண்டின் குரல், லத்தீன் சொல்லின் கட்டமைப்பும் அதேதான். அது புராட்டஸ்டண்ட் கையில். 'ஏற்புடையவர்' என்பதோ தீர்ப்பின் பக்கம் சாய்கிறது, அது கத்தோலிக்கப் பூசையில் வாசிக்கப்படுகிறது!

என் முன்மொழிவு: பொதுச்சொல்லாக 'நீதியேற்பு'.

*

தம்பி,

'நீதியேற்பு' என்றால் யார் எதை ஏற்கிறார்? கடவுள் நம்மை ஏற்கிறாரா, நாம் நீதியை ஏற்கிறோமா? சொல்லைப் பிரித்தாலே குழப்பம்.

'ஆக்கு' பற்றியும் அவசரப்பட்டுவிட்டீர்கள். நேற்று டவுன் பஸ்ஸில் சில்லறைத் தகராறு. ஒரு பெரியவர் நடத்துநரிடம், "டிக்கெட் எடுத்தவனைத் திருடனாக்குறீங்களே!" என்றார். அவரை யாரும் திருடனாக மாற்றவில்லை. திருடன் என்றார்கள், அவ்வளவுதான்.

நீதிமொழிகள் 17:15ஐயும் பாருங்கள். 'துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன்' கர்த்தருக்கு அருவருப்பானவன். கெட்டவனைத் திருத்தியவன்மேல் கர்த்தருக்கு என்ன கோபம்? அங்கே பேசப்படுவது தீர்ப்பைப் புரட்டுகிறவன். ஆக, மாற்றுவது, அறிவிப்பது இரண்டுக்கும் நம் 'ஆக்கு' இடம் கொடுக்கிறது. இரு தரப்பும் தம் தம் பொருளை உள்ளே வைத்துக்கொள்ளலாம். பொதுச்சொல்லுக்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

*

ஐயா,

பஸ் பெரியவரிடம் தோற்றேன். 'நீதியேற்பு' வாபஸ்.

'நீதிமானாக்கல்' தலைச்சொல்லாக இருக்கட்டும். அதன் கீழே பிரிவு தேவைப்படும் இடத்தில் 'நீதிமானெனத் தீர்த்தல்' என்று ஒன்று. நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்று 'தீர்க்க'க் கடவர்கள் என உபாகமம் 25:1இல் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. கணக்கில் வைக்கப்படும் நீதிக்கு 'எண்ணப்பட்ட நீதி'. ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ரோமர் 4. கிரேக்கத்தில் அது கணக்கெழுதுகிறவர்களின் சொல், ஆகவே பொருத்தம். கத்தோலிக்கர் சொல்லும், உள்ளத்தையே மாற்றும் நீதிக்கு 'ஊற்றப்பட்ட நீதி'. ரோமர் 5:5இல் ஊற்றப்படுவது அன்பு, நீதி அல்ல என்பது தெரியும். ஆனாலும் 'உட்செலுத்திய நீதி' என்றால் ஊசி போட்டது மாதிரி இருக்கிறது.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஜஸ்டிஃபிகேஷன் பற்றிக் கையெழுத்திட்ட கூட்டறிக்கையை மொழிபெயர்க்கும்போதும் இது கைகொடுக்கும். நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், இதயத்தைப் புதுப்பிக்கும் தூய ஆவியையும் தருகிறார் என்று அதில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. தலைச்சொல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த வாக்கியமே நொண்டும். 2006இல் மெதடிஸ்ட்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டார்கள் என்பதால் பயன்படுத்தப்போகிறவர்களும் அதிகம்.

ஒரே உறுத்தல், 'மான்' ஆண்பால். பைபிளில் வரும் ராகாப் போன்ற ஒரு பெண்ணை 'நீதிமானாக்கப்பட்டாள்' என்றால் இடிக்கிறது. 'நீதிமாட்டி' என்று யாரும் சொல்லப்போவதில்லை. 'நீதியராக்கல்' என்று போட்டுப் பார்த்தேன். அப்பா உடனே, "எந்த உயர் நீதிமன்றத்துக்கு?" என்று கேட்டார். நீதியரசர் நினைவு வந்துவிடுகிறது, விட்டுவிட்டேன். இதற்கு யாரிடமாவது நல்ல யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் 'மான்' அப்படியே அச்சுக்குப் போகும்.

ஆர்த்தடாக்ஸ்காரர்களின் 'தியோசிஸ்'ஸையும் (மனிதர் கடவுளின் தன்மையில் பங்குபெறுவது) இதிலேயே முடித்துவிடலாம் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வேண்டாம். அதற்கு 'இறைமயமாதல்' என்று எழுதினால் அடுத்த நிமிடமே அத்வைதம் கதவைத் தட்டும். அதற்குத் தனி இழை போடுவோம்.